கண்ணை மூடிய கரண்டி: கர்ப்பப்பைப் பாலிப்பின் சரித்திரம் குறித்துச் சில குறிப்புகள்

‘பெரும்பாடு’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்க்கை இருக்கிறது. “மக கல்யாணத்த முடிக்கிறதுக்குள்ள பெரும்பாடாப் போச்சு” என்று எல்லாரும் சொல்வது ஒன்று. சித்த வைத்தியத்திலும் தமிழ் பைபிளிலும் வருவது இன்னொன்று: பெண்ணுடம்பிலிருந்து கட்டுக்கடங்காமல் போகும் உதிரம். பைபிளில் பன்னிரண்டு வருஷம் இப்படிப் பாடுபட்டு, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் தொலைத்த அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. நோய்தான் அவளுக்குப் பெயர். முதல் அர்த்தம் ஊர்ப் பொதுவாகிவிட்டது. இரண்டாவது பெண்களின் குசுகுசுப்புக்குள்ளேயே தங்கிப்போயிற்று. இந்த இரண்டாவது பெரும்பாட்டின் பல காரணங்களில் ஒரு சிறிய காரணத்தை, கர்ப்பப்பைக்குள் வளர்கிற பாலிப்பை, எடுத்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போக விரும்புகிறேன். மருத்துவக் கட்டுரை எழுதும் தகுதி எனக்கில்லை. ஆனால் உடல் குறித்த சரித்திரத்தை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்பது இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குப் புதிதல்ல.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையின் உள்தோல் மாதாமாதம் தடித்து, உதிர்ந்து, ரத்தமாக வெளியேறுவது. அதில் ஓரிடம் மட்டும் உதிராமல் வளர்ந்துகொண்டே போனால் உள்ளே ஒரு சதைத் துணுக்காகத் தொங்கும். சிலதுக்குக் காம்பு உண்டு, சிலது சப்பையாக ஒட்டியிருக்கும். எள்ளளவும் இருக்கலாம், எலுமிச்சை அளவும் இருக்கலாம். ஃபைப்ராய்டு வேறு, அது தசையிலிருந்து உண்டாகும் கட்டி. நம் ஊர்ப் பேச்சில் இரண்டுமே ‘கட்டி’ என்றாகிவிடுவதால் வரும் வினை பெரிது, அதற்குப் பின்னால் வருகிறேன். பாலிப் நாற்பது ஐம்பது வயதுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. உடல் பருமன், ரத்தக் கொதிப்பு, ஈஸ்ட்ரோஜனின் மிகுதி ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. பல பெண்களிடம் அது ஒரு தொந்தரவும் செய்யாமல் கிடக்கும். சிலருக்கு இரண்டு விலக்குக்கு நடுவே ரத்தம் படும், சிலருக்கு விலக்கு நாட்களில் கொட்டித் தீர்க்கும், சிலருக்குக் கரு தங்காது. மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு திரும்ப ரத்தம் பட்டால் அதை ஒருநாளும் அலட்சியம் செய்யக்கூடாது, அங்கே புற்றுநோய்க்கான சாத்தியம் கூடுகிறது. மற்றபடி பாலிப் என்றாலே புற்று என்பது பயமுறுத்தல். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பாலிப்புகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. அதில் புற்றோ அதற்கு முந்திய நிலையோ காணப்பட்டது நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம். மாதவிலக்கு நிற்காத பெண்களில் இன்னும் குறைவு, நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

சரி, இந்தச் சதைத் துணுக்குக்கு மருத்துவம் என்ன செய்தது? ஃபூக்கோ 1963-இல் எழுதிய ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலை ஒட்டி, நவீன மருத்துவம் என்பது பார்வையின் அதிகாரம் என்று நாமெல்லாம் பேசிப் பழகிவிட்டோம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் மருத்துவமனைகளில் பிணத்தை அறுத்துப் பார்த்த கண், பிறகு உயிருள்ள உடம்பையும் ஊடுருவியது என்பது அந்த வாதம். கர்ப்பப்பையின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. அங்கே நூறு வருஷத்துக்கு மேல் அதிகாரம் செலுத்தியது கண் அல்ல, கை. கண்ணை மூடிக்கொண்டு சுரண்டிய கை.

அதே பாரிஸில், அதே காலத்து மருத்துவமனையில்தான் ஜோசப் ரெகாமியே இருந்தார். உருளை வடிவ ஸ்பெகுலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். யோனியைத் திறந்து கர்ப்பப்பையின் வாய் வரை பார்க்க உதவுவது ஸ்பெகுலம். அதே மனிதர்தான் 1840களில் க்யூரெட்டையும் கொண்டுவந்தார். நீண்ட பிடியும் நுனியில் சிறு கரண்டியும் உள்ள கருவி. கர்ப்பப்பைக்குள் காளான்போல முளைத்த சதைகளைச் சுரண்டி எடுப்பதற்கென்று. வாய் வரைக்கும் கண், அதற்கு மேல் கரண்டி. இந்தப் பங்கீடு நூற்றைம்பது வருஷம் நீடித்தது.

கண் வாய் வரை போனது யாருக்காக என்று கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஜே. மேரியன் சிம்ஸ் 1845-க்கும் 1849-க்கும் இடையே அலபாமாவின் மான்ட்காமரியில், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் மேல் மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து, தன் பெயரிலான ஸ்பெகுலத்தை உருவாக்கிக்கொண்டார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மற்றவர்களுக்குப் பெயரும் இல்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்த சிம்ஸின் சிலை 2018-இல்தான் அகற்றப்பட்டது. நம் பக்கம் வந்தால், ஸ்பெகுலம் இங்கே போலீஸ் கருவி. பாலியல் தொழில் செய்கிறவர்கள் என்று சர்க்கார் கருதிய பெண்களைப் பதிவேட்டில் எழுதி, குறித்த நாளில் சோதனைக்கு வரச் சொல்லி, நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைத்துவைத்தார்கள். 1868-இன் தொற்றுநோய்ச் சட்டத்துக்கு வெகு முன்பிருந்தே மதராஸ் மாகாணத்தில் லாக் ஆஸ்பத்திரிகள் உண்டு. சட்டம் 1888-இல் ரத்தானது. வெள்ளைச் சிப்பாய்க்கு நோய் ஒட்டிவிடக்கூடாது என்பதுதான் அந்தப் பார்வையின் நோக்கம். அந்த நோக்கத்துக்குக் கர்ப்பப்பையின் வாசல்வரை பார்த்தால் போதும். உள்ளே என்ன நடக்கிறது, அவளுக்கு ஏன் ரத்தம் போகிறது என்பது சர்க்காரின் கவலை அல்ல.

அந்தச் சட்டம் வந்ததற்கு அடுத்த வருஷம், 1869-இல், டியோமெடே பாண்டலேயோனி என்ற மருத்துவர் ஒரு செய்தியை வெளியிட்டார். மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டுக்கொண்டிருந்த அறுபது வயதுப் பெண் ஒருத்தியின் கர்ப்பப்பைக்குள் விளக்குப் பொருத்திய குழாயைச் செலுத்தி அவர் பார்த்தார். உள்ளே ஒரு பாலிப். சில்வர் நைட்ரேட் வைத்து அதைச் சுட்டார். உயிருள்ள பெண்ணின் கர்ப்பப்பைக்குள் கண்ணால் பார்த்துச் செய்த முதல் சிகிச்சையாக இதைத்தான் குறிக்கிறார்கள். அதாவது ஹிஸ்டரோஸ்கோப்பி என்கிற முறையின் பிறப்பே ஒரு பாலிப்பில்தான். அந்தக் குழாய்க்கு முன்கதை உண்டு. பிராங்க்பர்ட்டில் பிலிப் பொட்ஸினி 1806-ஐ ஒட்டி மெழுகுவர்த்தி வெளிச்சத்தால் உடம்புக்குள் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். வியன்னாவின் மருத்துவப் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. அவர் 1809-இல், முப்பத்தைந்து வயதில், டைபஸ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பாரிஸில் தெஸொர்மோ 1853-இல் ஸ்பிரிட்டும் டர்பன்டைனும் எரியும் விளக்கோடு அடுத்த கருவியைக் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்ததுதான் பாண்டலேயோனியின் குழாய்.

ஆக 1869-இல் பார்க்க முடிந்தது. ஆனால் சாதாரணப் பெண்ணுக்கு அது எட்டியது 1980களுக்குப் பிறகு. நடுவில் நூறு வருஷத்துக்கு மேல். இதை வெறும் ஆணாதிக்கச் சதி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், நேர்மை ஆகாது. மூத்திரப்பை தண்ணீர் விட்டால் பலூன்போல விரியும், மாக்ஸ் நிட்சே 1870களின் இறுதியில் செய்த சிஸ்டோஸ்கோப் அதனாலேயே சீக்கிரம் பரவியது. கர்ப்பப்பை அப்படி இல்லை. தடித்த தசைச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், விரிக்கப் பலமான அழுத்தம் வேண்டும், தொட்டால் ரத்தம் கசிந்து கண்ணாடியை மறைக்கும். வாயுவா, கெட்டித் திரவமா, உப்புத் தண்ணீரா என்று தீர்மானமாகவே பல பத்தாண்டுகள் பிடித்தன. ஹாப்கின்ஸின் தண்டு லென்ஸ் 1960களில் வந்த பிறகே நல்ல வெளிச்சமும் தெளிவான பிம்பமும் கிடைத்தன. இதெல்லாம் உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை: கையில் கரண்டி இருந்தது, சுரண்டினால் ஏதோ வந்தது, அதனால் அவசரப்பட ஒருவருக்கும் காரணமில்லை.

சுரண்டியதில் என்ன வந்தது என்று அவர்களே எண்ணிப் பார்த்த கணக்கு இருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவ இதழில் வேர்ட், கிரேவ்லி, வைட்மன் மூவரும் 1958-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே வெறும் சுரண்டலை நம்புவது பிழை என்று சொல்வது. 1975-இல் ஸ்டாக், கான்பூர் இருவரும் ஐம்பது பெண்களிடம், கர்ப்பப்பையை எடுப்பதற்குச் சற்று முன் வழக்கம்போல் சுரண்டிவிட்டு, எடுத்த கர்ப்பப்பையைத் திறந்து பார்த்தார்கள். நூற்றுக்கு அறுபது பேரிடம் உள்பரப்பில் பாதிகூடக் கரண்டி தொடவில்லை. 2001-இல் சுவீடனில் எப்ஸ்டைனும் மற்றவர்களும் மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்ட பெண்களிடம் இதையே சோதித்தார்கள். டி அண்ட் சி பாலிப்புகளில் பாதிக்கு மேல் கண்டுகொள்ளவே இல்லை, உள்ளிருந்த தனித்தனிக் கட்டிகளில் பெரும்பாலானவை முழுதாகவோ பாதியாகவோ அங்கேயே இருந்தன. காரணம் எளிமையானது. காம்பில் தொங்குகிற சதை கரண்டி வந்தால் நகர்ந்துகொள்ளும். கிணற்றுக்குள் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுகிற மாதிரிதான். ஆனால் வாளி சிக்கியதா இல்லையா என்று நமக்குத் தெரியும், அங்கே அதுவும் தெரியாது.

நம் ஊர்களில் டி அண்ட் சி-க்குப் பெயர் ‘சுத்தம் பண்றது’. அந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். கருக்கலைந்தாலும் சுத்தம், பெரும்போக்குக்கும் சுத்தம், ‘என்னன்னு பாக்க’வும் சுத்தம். தீட்டு என்கிற பழைய சொல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. “மூணு தடவ சுத்தம் பண்ணாங்க, ஆறு மாசம் நல்லாருக்கும், அப்புறம் பழையபடி” என்று பெண்கள் கூட்டங்களில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே ஒரு பாலிப் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்ததோ.

இனி பாலிப்பை வளர்த்துவிட்ட சங்கதிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். இரண்டும் மருந்துக் கம்பெனிகளின் கதை. சினைக்குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் 1942-இல் விற்பனைக்கு வந்தது. ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் 1966-இல் எழுதிய புத்தகமொன்று, மாதவிலக்கு நிற்பதையே ஒரு குறைபாட்டு நோயாக்கி, மாத்திரை சாப்பிட்டால் என்றென்றைக்கும் பெண்ணாகவே இருக்கலாம் என்று ஆசை காட்டியது. கம்பெனிப் பணம் அவருக்குப் போனது பின்னால் தெரிந்தது. 1975 டிசம்பரில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன: ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை உள்தோல் புற்றுநோய் பல மடங்கு கூடியிருந்தது. அதற்குப் பிறகே கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

இன்னொன்று டாமாக்சிஃபென். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியல் அறிஞர் 1962-இல் அதைத் தயாரித்தபோது தேடிக்கொண்டிருந்தது ஒரு கருத்தடை மாத்திரை. எலிகளிடம் வேலை செய்தது, பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டையைத் தூண்டிவிட்டது. கைவிடப்பட இருந்த மருந்து மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாகி, 1970களிலிருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற அதே மருந்து கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்ளும். அதனால் உள்தோல் தடிக்கும், பாலிப் வளரும். இது 1980களின் இறுதியிலேயே ஆய்வுகளில் வந்துவிட்டது. அதனால் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ளக்கூடாது. ரத்தம் பட்டால் உடனே வந்து சொல்லுங்கள் என்கிற ஒரு வாக்கியத்தைச் சீட்டெழுதுகிறவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு நேரமில்லாத புறநோயாளிப் பிரிவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

1980களில் யோனி வழியே செய்யும் ஸ்கேன் வந்தது. உள்ளே உப்புத் தண்ணீரைச் செலுத்திக்கொண்டே ஸ்கேன் பார்த்தால் பாலிப் இன்னும் துல்லியமாகத் தெரியும். ஹிஸ்டரோஸ்கோப் பென்சிலைவிட மெல்லியதாகி, பல பெண்களுக்கு முழு மயக்கம்கூட வேண்டாம் என்றாயிற்று. இன்றைக்குப் பாலிப்புக்கான சிகிச்சை இதுதான்: உள்ளே பார்த்து, காம்போடு வெட்டி எடுத்து, அந்தத் துணுக்கை நோய்க்குறியியல் சோதனைக்கு அனுப்புவது. பெரும்பாலும் அன்றைக்கே வீடு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்து, தொந்தரவும் இல்லையென்றால் பொறுத்தும் பார்க்கலாம். கால்வாசி பாலிப்புகள் ஒரு வருஷத்தில் தானாகவே மறைந்துவிடுகின்றன. சிலருக்கு மறுபடி வளர்வதும் உண்டு. கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய அவசியம், புற்றோ அதற்கு முந்திய நிலையோ இருந்தால் வருவது.

கண் ஒருவழியாகத் திறந்துவிட்டது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்தியாவில் கண் திறந்ததும் கை இன்னும் நீண்டது. இதுதான் ஃபூக்கோவை வைத்துக்கொண்டும் எனக்குப் பிடிபடாத இடம். ஸ்கேன் பார்க்கிறார்கள், இங்கிலீஷில் ஒரு தாள் வருகிறது, ‘பல்க்கி யூட்டரஸ்’ என்றோ ‘பாலிப்’ என்றோ அதில் இருக்கிறது. “கட்டி இருக்கும்மா. விட்டா கேன்சர் ஆயிடும். ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனி இது எதுக்கு?” முடிந்தது. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு முப்பத்தாறு வயதில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் எடுத்தார்கள். சோதனை அறிக்கையை ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்தாள், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னாள். 1.2 சென்டிமீட்டர் பாலிப், புற்று இல்லை. “அப்ப அத மட்டும் எடுத்திருக்கலாமா?” என்று கேட்டாள். எடுத்திருக்கலாம் அக்கா என்றேன். “அவங்க அப்பிடி ஒண்ணு இருக்குன்னே சொல்லலையே” என்றவள் கொஞ்ச நேரம் கழித்து, “சொன்னாலும் ரெண்டு தடவ லீவு யார் குடுப்பா” என்றாள். பீடிக் கம்பெனி முதலாளி அல்ல, அவள் புருஷன் வீட்டைத்தான் சொன்னாள்.

இது ஒருத்தி விஷயமல்ல. 2015-16-இன் தேசியக் குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயது வரையான பெண்களைக் கணக்கெடுத்தபோது, நாடு முழுக்க நூற்றுக்கு 3.2 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திராவில் 8.9, தெலங்கானாவில் 7.7. ஏழைகளுக்கான ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா காப்பீடு 2008-இல் தொடங்கியது, வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 30,000 ரூபாய். அந்த அட்டையைக் காட்டிப் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் தேவையில்லாமல் கர்ப்பப்பைகள் எடுக்கப்பட்ட விவகாரம் 2012-இல் வெடித்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019-இல் அரசாங்கமே கணக்கெடுத்தது. கரும்பு வெட்டப் போகிற பெண்கள் 82,000-க்கும் மேற்பட்டவர்களில் 13,000-க்கும் மேல் கர்ப்பப்பை இல்லாதவர்கள். அங்கே புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து ‘ஒரு அரிவாள்’, முன்பணம் அந்த அரிவாளுக்கு. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். விலக்கு நாளும் வராத நாள்தான். அந்தக் கணக்கில் ரத்தம் ஒரு நஷ்டம். டாக்டரும் மேஸ்திரியும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒரே முடிவுக்கு வருகிறார்கள்.

இதற்கும் முன்பு, 1994 பிப்ரவரியில், ஷிரூரில் இருந்த அரசு இல்லத்தின் மனவளர்ச்சி குன்றிய பெண்களைப் புனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கர்ப்பப்பையை எடுத்தபோது, விலக்கு நாட்களில் பராமரிக்க முடியவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. பெண்கள் இயக்கங்கள் போராடி அதை நடுவில் நிறுத்தின. அன்றைக்கு நோய் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு நோய் என்று சொல்லக் கையில் ஒரு ஸ்கேன் தாள் இருக்கிறது. வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஹிஸ்டரோஸ்கோப் வைத்திருக்க விலை இருக்கிறது, பழகுவதற்குக் காலம் பிடிக்கிறது, சிறு நகரத்து நர்ஸிங் ஹோம்கள் பலவற்றில் அது கிடையாது. கர்ப்பப்பையை எடுக்க மட்டும் எல்லோருக்கும் தெரியும், அதற்கான கட்டணமும் பெரிது. டாக்டர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. ஏற்பாடே பெரிய வெட்டுக்கு வசதியாக அமைந்திருக்கிறது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பத்தைந்து வயதில் முதுமை வந்துவிடும், எலும்பு தேயும், இருதய நோய் முன்கூட்டியே வரும். இதற்கான செலவு எந்தக் காப்பீட்டிலும் கர்ப்பப்பையின் கணக்கில் எழுதப்படுவதில்லை.

நரேந்திர குப்தா என்ற மருத்துவர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் 2022-ஆம் வருஷத்து வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. கர்ப்பப்பை அகற்றும் அறுவைகளைக் கண்காணிக்கத் தேசிய, மாநில, மாவட்ட அளவில் குழுக்கள் இருக்க வேண்டும் என்கின்றன அந்த நெறிகள். எங்கள் மாவட்டக் குழு இதுவரை எத்தனை தடவை கூடியது, நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேருக்கு முன்னதாக ஹிஸ்டரோஸ்கோப்பி செய்யப்பட்டது, எத்தனை பேரின் சோதனை அறிக்கையில் வெறும் பாலிப் என்று இருந்தது என்று நான்கு கேள்விகளோடு தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதியிருக்கிறேன். உங்கள் மாவட்டத்தின் பெயரைப் போட்டு அப்படியே அனுப்பலாம். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும்.